மிருதங்கத்திடம் கணக்கு மார்க் கேட்பவர்

சென்ற இதழில் வாத்தியப் பயிற்சிக்கு எதிராக வந்த கட்டுரையின் சாரம் இது: இசை கற்றால் மூளை வளரும் என்பது பொய் என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. சேரும் பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். கைபேசியைத் தட்டினால் வீணை ஒலி வருகிறது. ஆகவே அந்த நேரத்தைச் செஸ்ஸுக்கும் கோடிங்குக்கும் கொடுங்கள்; ஏழைப் பிள்ளைகள் படிக்கும் அரசு இசைப்பள்ளிகளைக் கணினிப் பயிற்சி மையங்களாக மாற்றுங்கள். எழுதியவருக்கு 'அறிவியல் பார்வை' என்ற சொல் மிகவும் பிடித்திருக்கிறது. பத்திக்கு ஒரு தடவை அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் நகர்கிறார். சரி, அந்தப் பார்வையாலேயே அவருடைய கட்டுரையைப் பார்ப்போம்.

முதலில் அவருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன். 'மொஸார்ட் விளைவு' என்ற பெயரில் நடந்த வியாபாரத்தை அவர் கிழித்ததில் எனக்கு மறுப்பில்லை, இன்னும் நாலு கிழி கிழித்திருக்கலாம். 1993இல் 'நேச்சர்' இதழில் ஒரு சின்னக் குறிப்பு வந்தது. 36 கல்லூரி மாணவர்கள், 10 நிமிடம் மொஸார்ட். அதன் பிறகு காகிதத்தை மடித்து வெட்டினால் எப்படி இருக்கும் என்பது போன்ற வடிவக் கேள்விகளில் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண். அந்தக் கூடுதலும் கால் மணி நேரத்துக்குள் கரைந்துவிட்டது. இதை நம்பி 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாண ஆளுநர், பிறக்கும் குழந்தைக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்க அரசுப் பணம் கேட்டார். நம் ஊரில் அபாகஸ் வகுப்புக்குப் பக்கத்து அறையில் 'மூளை வளர்ச்சிக்குக் கீபோர்டு' என்று போர்டு தொங்குகிறது. எல்லாம் ஒரே சரக்குதான்.

ஆனால் அந்த 36 பேரும் இசையைக் கேட்டார்கள், அவ்வளவே. பியானோவைத் தொடக்கூட இல்லை. வாத்தியம் வாசிக்கக் கற்பதற்கு எதிரான வழக்கில் இந்த ஆய்வுக்கு என்ன வேலை? கட்டுரையாளர் மூலத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. போலி லேகியம் விற்றவனைப் பிடித்த உற்சாகத்தில் கொல்லைப்புறத் துளசியை வேரோடு பிடுங்கியிருக்கிறார்.

அவருடைய பெரிய சாட்சி, ஜியோவானி சாலாவும் ஃபெர்னாண்ட் கோபேயும் 2020இல் வெளியிட்ட தொகுப்பாய்வு. 54 ஆய்வுகள், ஏறத்தாழ 7,000 குழந்தைகள். இசைப்பயிற்சி பெற்ற குழந்தைகளின் அறிவுத்திறன், நினைவாற்றல், பள்ளிப்படிப்பு ஆகியவற்றை அவர்கள் பார்த்தார்கள். ஒழுங்காக நடத்தப்பட்ட ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் பலன் ஏறக்குறைய பூஜ்யம் என்றார்கள். அதே தரவுகளை மறுபடி அலசி, சிறிய பலன் இருக்கிறது என்று பின்னால் வாதாடியவர்களும் உண்டு. நான் அவர்கள் முந்தானையில் ஒளிந்துகொள்ளப் போவதில்லை. பலன் பூஜ்யம் என்றே வைத்துக்கொள்வோம்.

அப்படியானால் இதே சாலாவும் கோபேயும் 2017இல் எழுதிய இன்னொரு கட்டுரையையும் அவர் படித்திருக்க வேண்டும். ஒரு துறையில் பெற்ற பயிற்சி தொடர்பில்லாத வேறு துறைக்குத் தாவுமா என்பது அதன் கேள்வி. தாவாது என்பதற்கு அவர்கள் காட்டிய உதாரணங்கள் மூன்று. இசை ஒன்று, நினைவாற்றல் பயிற்சி ஒன்று. மூன்றாவது சதுரங்கம். ஆம், 'வீணையை வைத்துவிட்டு இதைக் கற்றுக்கொடுங்கள்' என்று நம் கட்டுரையாளர் பரிந்துரைத்த அதே செஸ். கோபே சதுரங்கத்தில் சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்றவர். செஸ் ஆடினால் கணக்கு வரும் என்று நம்பவும் விற்கவும் அவருக்கு எல்லா வசதியும் இருந்தது, அவர் அதைச் செய்யவில்லை. அதற்காக யாரும் செஸ் ஆட வேண்டாம் என்றும் அந்த ஆய்வு சொல்லவில்லை. ஒரு சாட்சியைக் கூண்டில் ஏற்றி, பாதி வாக்குமூலம் வந்ததும் வாயைப் பொத்தி இறக்கிவிடுவதற்கு அறிவியல் பார்வை என்று பெயர் கிடையாது.

அந்த 54 ஆய்வுகளில் தேடப்பட்டதைக் கவனியுங்கள். ஐ.க்யூ., படிப்பு, ஞாபகம். பிள்ளைக்கு வாசிக்க வந்ததா என்பது அங்கே கேள்வியே இல்லை. பிறகு எப்படி அதிலிருந்து 'வாத்தியம் கற்பதால் பயனில்லை' என்ற முடிவு வருகிறது? வாத்தியம் கற்றால் வாத்தியம் வாசிக்க வரும். முதல் பயன் அதுதான். அதைப் பயன் கணக்கிலேயே சேர்க்காதவரிடம் எந்த ஆய்வைக் காட்டினாலும் பூஜ்யம்தான் தெரியும்.

'வாசிக்க வருவது' என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், சொல்கிறேன். மிருதங்க வகுப்பில் முதல் பாடம் தா, தீ, தொம், நம். 'நம்' வலந்தலையில் விழும் சொல். மோதிர விரல் நடுவில் இருக்கும் கறுப்புக் கரணையின் ஓரத்தில் பட்டும் படாமலும் நிற்க, ஆள்காட்டி விரல் விளிம்பில் மீட்டை அடிக்க வேண்டும். மோதிர விரல் அழுந்தினால் நாதம் செத்துவிடும். தூக்கினால் அது 'நம்' அல்ல, வேறென்னவோ. எதிரே உட்கார்ந்திருக்கும் வாத்தியார் நூறு தடவை வாசித்துக் காட்டுவார், பிள்ளையின் விரல் வலிக்கும், வரவே வராது. திடீரென்று ஒரு நாள் மணி போல அந்த ஒலி எழும்பும். வாத்தியார் தலையை ஆட்டுவதற்கு முன்பே பிள்ளைக்குத் தெரிந்துவிடும், வந்துவிட்டது என்று. தன் தப்பையும் தன் சரியையும் பிறர் சொல்லாமல் தன் காதாலேயே பிடிக்கப் பழகுகிறது அந்தப் பிள்ளை. இந்தப் பழக்கம் கணக்குப் பாடத்துக்குத் தாவுமா என்றால், தாவாமல் போகட்டுமே. கணக்கைக் கணக்கு வாத்தியாரிடம் கற்றுக்கொள்ளட்டும்.

அறிவியல் வேண்டும் என்கிறாரே, அதற்கும் அந்தக் கறுப்புக் கரணைக்குள் போதுமான சரக்கு இருக்கிறது. சாதாரணத் தோல்வாத்தியத்தின் மேலொலிகள் ஒன்றோடொன்று சுருதி சேராது. அதனால்தான் பெரும்பாலான மேளங்கள் வெறும் சத்தமாகக் கேட்கின்றன. தோலின் நடுவில் கரணையை ஏற்றி அவற்றைச் சேர வைத்திருக்கிறார்கள், மிருதங்கத்திலும் தபலாவிலும். இதை 1920இல், மேலே சொன்ன அதே 'நேச்சர்' இதழில், சிவகாளி குமாருடன் சேர்ந்து எழுதியவர் சி.வி. ராமன். மிருதங்கம் கற்றால் நோபல் கிடைக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்பவர்களோடு கட்டுரையாளரே சண்டை போட்டுக்கொள்ளட்டும், நானும் கூட வருகிறேன்.

கைபேசி வாதத்துக்கு அதிக இடம் தர மனமில்லை. வீணையில் ஒரே மெட்டில் விரலை வைத்துத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, மேலே இரண்டு மூன்று ஸ்வரங்களைப் பிடிப்பார்கள். தோடியின் காந்தாரம் அசைந்து அசைந்து வருவது இப்படித்தான். எவ்வளவு இழுப்பது என்பதற்குத் தந்தியில் எந்த அடையாளமும் கிடையாது, காதும் விரலும்தான் கணக்கு. செயலியில் கண்ணாடித் திரையைத் தட்டுகிறவருக்கு வீணையின் ஒலி கிடைக்கும். இழுக்க அங்கே தந்தி ஏது?

பாதியில் விடுகிற தொண்ணூறு பேர்? அந்த எண் எங்கிருந்து வந்தது என்று அவர் சொல்லவில்லை, எனவே அவருடைய எண்ணமாகவே எடுத்துக்கொள்கிறேன். வர்ணத்தோடு நின்றுபோனவர்களும் மார்கழியில் சபாவின் பின்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுகிறார்கள். பாடகர் எடுத்தது சங்கராபரணமா கல்யாணியா என்பதை மத்யமம் வந்ததுமே பக்கத்தில் இருப்பவர் காதில் சொல்லிவிடுகிறார்கள். இதை நஷ்டக் கணக்கில் எழுதுவது அவர் இஷ்டம்.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது கடைசிப் பத்தியில். 'ஏழைப் பிள்ளைக்கு எதற்கு வயலின்?' பரிவு போலத் தொனிக்கும் இந்தக் கேள்வி பழைய சரக்கு. யார் எந்த வாத்தியத்தைத் தொடலாம் என்பதைத் தெருவும் சாதியும் முடிவு செய்த காலம் இங்கே நெடுங்காலம் இருந்தது. வீணையும் வயலினும் ஒரு பக்கம், நாகஸ்வரமும் தவிலும் ஒரு பக்கம், பறை ஊருக்கு வெளியே. மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் அந்த வேலியைக் கொஞ்சமாவது தாண்டின. அப்பா கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கு அங்கே குறைந்த கட்டணத்தில் நாகஸ்வரமோ தவிலோ வயலினோ மிருதங்கமோ கிடைக்கிறது. பரம்பரையில் ஒருவரும் வாசித்திராத பிள்ளை சீவாளியை வாயில் வைத்து ஊதிப் பழகுகிறது. அறநிலையத் துறைக் கோயில்களில் நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும் வேலை இருக்கிறது, கல்யாண மண்டபங்களிலும் இருக்கிறது. பயன் பயன் என்று கேட்பவர் இந்தப் பயனையாவது கண்டிருக்கலாம். வேலையே கிடைக்காவிட்டாலும், வசதியான வீட்டுப் பிள்ளைக்கு விருப்பமாக இருப்பது இந்தப் பிள்ளைக்கு மட்டும் ஏன் வீண்செலவாகிறது?

'இசையை ரசியுங்கள், கற்காதீர்கள்' என்று அவர் கட்டுரையை முடிக்கிறார். அவர் ரசிப்பதற்கு யாராவது கற்றிருக்க வேண்டும். எந்த வீட்டுப் பிள்ளை கற்கலாம், எந்த வீட்டுப் பிள்ளை கணினி மையத்துக்குப் போக வேண்டும் என்ற பட்டியலையும் அடுத்த இதழில் அவரே எழுதித் தரட்டும்.