துயரும் சிறுகதையும்

எமது கல்லூரி மாணவர் சிறுகதை எழுதப் புகுங்கால், தம் வீட்டில் நேர்ந்த நோயையும் சாவையுமே பெரும்பாலும் பொருளாகக் கொள்கின்றனர். அது குற்றமன்று, நெஞ்சறிந்ததை எழுதுவதே நேர்மை. ஆயினும் ஒன்று கூறுவோம்.

எம் இளவல் மறைந்த மூன்றாம் மாதமே அவன் நோயைக் கதையாக்கினோம். அதனைப் படித்த அன்னையார், "அவன் மருந்துக்கு அழுததை ஊருக்குச் சொல்லவேணுமோ, தம்பி?" என்றார். நாணினோம். துயர் எமது, நோயோ அவனுடையது என்பதை அன்றே உணர்ந்தோம்.

இரசிய எழுத்தாளர் செக்கோவ் ஒரு மருத்துவர். தாமும் காசநோயுற்று 1904இல் மறைந்தவர். அவர்தம் தமையனார் நிக்கொலாய் 1889இல் அந்நோய்க்கே இரையானார். அவ்வாண்டில் வெளிவந்த செக்கோவின் நீண்ட கதையொன்றில் தமையனார் இல்லை. சாவை எதிர்நோக்கும் முதிய பேராசிரியர் ஒருவரே பேசுகின்றார். ஆள் வேறு, அச்சமும் தனிமையும் உண்மை.

ஆதலின், மாணவரே, துயரைக் கொள்க, ஆளை மாற்றுக. எழுதியதை அச்சுக்கு அனுப்புமுன் வீட்டாருக்கு வாசித்துக் காட்டுக. அவர் கேட்க ஒண்ணாததை ஊரார் கேட்கவேண்டுவதில்லை.