நல்ல கோப்பிக்கு ஏற்ற வடி

“மலைநாட்டு உறவினர் அன்பளிப்பாகக் கொணர்ந்த கோப்பிக் கொட்டையை இடித்து, வழக்கம்போலக் கொதிக்கவைத்து இறக்கினோம். வாயில் வைக்க இயலாத கசப்பு. விலையுயர்ந்த கொட்டை என்பது இதுதானா?” என்று வாசகி ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். தம் கணவருக்குக் கொலஸ்திரோல் கூடியிருப்பதாக வைத்தியர் சொன்னதையும் கடிதத்தின் கடைசியிற் குறிப்பிட்டுள்ளார். இவ்விரண்டிற்கும் தொடர்பு உண்டென்று அறிந்து எழுதினாரோ, அறியாது எழுதினாரோ, தொடர்பு உண்டு.

1869இல் இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பித் தோட்டங்களை அழித்தபின் நம் மலைநாட்டில் தேயிலையே நிலைத்தது. இப்போது சிறு அளவில் நல்ல கோப்பி மீண்டும் விளைகிறது. ஆகவே குற்றம் கொட்டையில் இல்லை. மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து இடித்த தூளைக் கொதிக்கவைப்பது நம் வீட்டு வழக்கம். தடிமனுக்கு அது இதமானது. நாமும் அதை விடப்போவதில்லை. ஆனால் பக்குவமாக வறுத்த அராபிக்காக் கொட்டையின் மணம் கொதியில் ஆவியாய்ப் போய்விடும். அதன் மெல்லிய இனிப்பும் புளிப்பும், பின்னாற் கரைந்து வரும் கசப்பில் அமிழ்ந்துபோம்.

ஜேர்மனியில் டிறெஸ்டன் நகரத்து இல்லத்தரசி மெலிற்றா பென்ஸ் என்பாருக்கும் இதே மனக்குறை இருந்தது. 1908இல் அவர் பித்தளைப் பாத்திரம் ஒன்றின் அடியில் துளைகளிட்டு, மகனுடைய பள்ளிக் கொப்பியிலிருந்த மையொற்றும் தாளை அதில் விரித்துக் கோப்பியை வடித்தார். கொப்பியாலே கோப்பி திருந்திற்று என்று சொல்லிச் சிரிக்கலாம். கடதாசி வடி அவ்வாறு பிறந்ததே.

வடிகட்டாத கோப்பியிலுள்ள கபெஸ்ரோல் என்னும் எண்ணெய்ப்பொருள் இரத்தத்திற் கொலஸ்திரோலைக் கூட்டும். கடதாசி அதனைப் பெரும்பாலும் தடுத்துவிடும்; கம்பிவலை தடுக்காது. நான்கு நிமிடம் ஊறவைத்து அழுத்தி எடுக்கும் பிரெஞ்சுக் குடுவை, விருந்தினர் பலர் வரும் நாளுக்கு வசதியானதுதான். அதன் கனத்த சுவையில் நமக்கும் ஆசை உண்டு. எனினும் அந்த வீட்டிற்குக் கடதாசி வடியே தகும் என்பது நம் அபிப்பிராயம். வைத்தியர் தந்த மருந்துக்கு இது மாற்றன்று என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

ஒரு குவளைக்குக் கோப்பி 15 கிராம், நீர் 240 கிராம் போதும். கொட்டையைப் பொடிமணல் அளவிற்கு அரைத்துக்கொள்க; மாவாக இடித்தால் தாள் அடைத்துக்கொள்ளும். நீர் கொதித்ததும் இறக்கி அரை நிமிடம் ஆறவிடுக. 90 முதல் 95 பாகைச் சூடு நன்று. தாளை வெந்நீரால் ஒருமுறை கழுவியபின் தூளை இட்டு, அது நனையுமளவு நீர் மட்டும் ஊற்றி அரை நிமிடம் பொறுக்கவேண்டும். அண்மையில் வறுத்த கொட்டையாயின் உள்ளிருக்கும் கரியமில வாயு வெளியேறி, தூள் நுரைத்துப் பொங்கும். சிறுவர்களை அருகழைத்துக் காட்டத்தக்க காட்சி அது! மிகுதி நீரை மெல்லச் சுற்றிச் சுற்றி ஊற்ற, மூன்று நிமிடமளவில் வடிந்து முடியும்.

கசந்தால் அடுத்தமுறை சற்றுப் பருமனாக அரைக்கலாம். புளித்து நீர்த்திருந்தால் இன்னும் நுண்மையாக. எஞ்சிய கொட்டையை டின்னில் இறுக மூடிவைத்து, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் அரைக்கட்டும். முதற் குவளையைச் சீனியின்றிக் குடித்துப் பார்த்துவிட்டு, அச்சகோதரி நமக்கு மறுபடியும் எழுதுவாராக.