கோகோ: ஊக்கமா? ஊட்டமா?

இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு (வேதியியல்)

தேர்வுக் காலம் நெருங்கினால் நம் இல்லங்களில் ஒரு புதுமை நிகழ்வதைக் காணலாம். மளிகைக் கணக்கில் வழக்கமில்லா வழக்கமாக ஒரு டப்பா கோகோ பானப்பொடி இடம்பெறும். "படிக்கிற பிள்ளை, மூளைக்குத் தெம்பு வேண்டாமா?" என்பது பெற்றோரின் அன்பு. அந்த அன்பைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்த அன்பையே விலையாக்கும் விளம்பரத்தை வினவ, அறிவியல் பயிலும் நமக்கு உரிமையும் உண்டு, கடமையும் உண்டு. கோகோ நமக்குத் தருவது ஊக்கமா, ஊட்டமா?

கோகோவின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் படுகை. மெக்சிகோவில் வாழ்ந்த அஸ்டெக் மக்கள் அதன் விதையை அரைத்து, நுரை பொங்க ஆற்றி, மிளகாயும் சேர்த்துக் கசப்புப் பானமாகப் பருகினர். அவர்களிடையே அவ்விதை நாணயமாகவும் வழங்கியது. 1753-இல் லின்னேயசு அம்மரத்திற்குச் சூட்டிய 'தியோபுரோமா' என்ற பெயருக்குக் கிரேக்க மொழியில் 'தேவர் உணவு' என்பது பொருள். இன்று நம் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளிலும் அது ஊடுபயிராக விளைகிறது.

இனி அதன் வேதியியலுக்கு வருவோம். 1841-இல் உருசிய வேதியியலார் வோசுகிரெசென்சுகி கோகோ விதையிலிருந்து தியோபுரோமின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். பெயரில் புரோமின் இருப்பினும் பொருளில் புரோமின் இல்லை! காப்பியிலும் தேயிலையிலும் உள்ள காஃபினுக்கு இது உடன்பிறப்பு. காஃபினில் மூன்று மெத்தில் தொகுதிகள், தியோபுரோமினில் இரண்டு. வேறுபாடு அவ்வளவே. ஆயினும் உடலில் அது காட்டும் விளைவு பெரிது.

நாம் விழித்து உழைக்க உழைக்க மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேருகிறது. அது நரம்புச் செல்களின் ஏற்பிகளில் அமர்ந்து, "போதும், ஓய்வெடு" என்று அறிவிக்கிறது. காஃபின் அந்த இருக்கையை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. ஆகவே களைப்பு எங்கும் போய்விடவில்லை. களைப்பு பற்றிய செய்திதான் வந்து சேரவில்லை! தியோபுரோமினும் இவ்வேலையையே செய்கிறது. ஆனால் அந்த ஏற்பிகளில் அது அவ்வளவு உறுதியாக ஒட்டுவதில்லை. எனவேதான் கோகோவை மென்மையான ஊக்கி என்கிறோம். 5 கிராம் தூய கோகோத் தூளில் ஏறத்தாழ 100 மில்லிகிராம் தியோபுரோமினும் 10 மில்லிகிராம் காஃபினும் இருக்கும். ஒரு கோப்பைக் காப்பியிலோ காஃபின் மட்டுமே 80 மில்லிகிராம் அளவுக்கு இருக்கலாம். தியோபுரோமின் மிகுந்தால் இதயத் துடிப்பு சற்று விரையும். மூச்சுக்குழல் தசைகள் தளரும். சிறுநீர் கூடுதலாகப் பிரியும். மனித உடல் இதனை எளிதில் சிதைத்து வெளியேற்றிவிடும். நாயின் உடலால் அவ்வாறு விரைந்து சிதைக்க இயலாது; அதனால்தான் சாக்லேட் நாய்க்கு நஞ்சாகிறது.

கோகோவில் நன்மையே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. அதிலுள்ள ஃபிளவனால் என்னும் பொருள்கள் இரத்தக் குழாய்கள் நெகிழ்ந்து விரிய உதவுகின்றன. அமெரிக்காவில் 21,000-க்கும் மேற்பட்ட முதியோரிடம் நடந்த ஆய்வின் முடிவுகள் 2022-இல் வெளிவந்தன. நாள்தோறும் 500 மில்லிகிராம் ஃபிளவனால் கொண்ட கோகோச் சாற்றை உட்கொண்டவர்களிடம் இதய நோய் நிகழ்வுகள் மொத்தத்தில் ஐயமறக் குறையவில்லை. எனினும் அந்நோயால் நேர்ந்த இறப்புகள் குறைந்திருந்தன. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. ஆய்வில் தரப்பட்டது செறிவூட்டிய சாறு. நிறத்துக்காகவும் சுவைக்காகவும் காரம் சேர்த்துப் பக்குவப்படுத்தும் கோகோத் தூளில் ஃபிளவனாலின் பெரும்பகுதி அழிந்துவிடுகிறது. ஆய்வுக்கூடத்தின் புகழை அங்காடி டப்பா இரவல் வாங்குவது முறையன்று.

சரி, டப்பாவில் என்னதான் இருக்கிறது? பின்பக்கத்துச் சிறிய எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். சில வகைகளில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சர்க்கரை. எஞ்சியதில் பெரும்பகுதி மால்ட். கோகோவின் பங்கோ சிறிது. நாளொன்றுக்குச் சர்க்கரை 25 கிராமுக்குள் இருப்பது மேலும் நன்று என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் கூறியது. 'ஆரோக்கிய பானம்' என்ற சொல்லுக்கு நம் உணவுச் சட்டத்தில் வரையறையே இல்லை என்பதைச் சுட்டிக்காட்டி, இத்தகைய பானங்களை அப்பெயரில் விற்கலாகாது என்று இணைய வணிகர்களுக்கு நடுவண் அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியது. அந்தக் குவளையில் உண்மையான ஊட்டம் தருவது பெரும்பாலும் நாம் ஊற்றும் பால்தான். அதே காசுக்கு நிலக்கடலை வாங்கினால் எடையில் கால் பங்கு புரதம்! கேழ்வரகுக் கூழில் சுண்ணாம்புச் சத்து, முட்டையில் நிறைபுரதம். ஆனால் இவற்றுக்கு விளம்பரம் செய்ய ஆள் இல்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். எங்கள் ஊரில் களையெடுக்கப் போகும் தாய்மார்கள் விடியலில் ஒரு தம்ளர் தேநீரோடு புறப்பட்டு, உச்சிப்பொழுது வரை அதிலேயே ஓட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன். "டீ குடிச்சா பசி தெரியாது" என்பார்கள். தெரியாது என்பது உண்மை. தீராது என்பதும் உண்மை. தேநீர், காப்பி, கோகோ மூன்றிலும் உள்ள பாலிஃபீனால்கள், காய்கறியிலும் தானியத்திலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்கவிடாமல் தடுக்கின்றன. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அதற்குக் காரணங்கள் பல. எனினும் உணவோடு சேர்த்து இப்பானங்களைப் பருகாமல் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுவது காசில்லாமல் செய்யக்கூடிய ஒரு மருத்துவம் அன்றோ? உணவில் எலுமிச்சைச் சாறு பிழிந்துகொண்டால் இரும்புச் சத்து நன்கு சேரும்.

விடுதி நண்பர்களுக்கும் ஒரு சொல். பகலில் படித்ததை மூளை பதிவு செய்துகொள்வது உறக்கத்தில்தான். நாம் பருகும் காஃபினில் பாதி நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். தியோபுரோமினுக்கு அதனினும் மிகுதி. நள்ளிரவில் ஊக்கியைப் பருகிப் பாடத்தைப் புரட்டுவது, ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதற்கு ஒப்பாகும்.

கோகோவை வெறுக்கவேண்டும் என்று நான் கூறவில்லை. சுவைக்காகப் பருகுவோம், நண்பர்களோடு கூடிப் பருகுவோம். உணவின் இடத்தில் மட்டும் அதனை அமர்த்த வேண்டாம். நம் கல்லூரிச் சிற்றுண்டிச் சாலையில் மாலைதோறும் ஒரு கிண்ணம் சுண்டல் மலிவு விலையில் கிடைக்க ஆவன செய்யுமாறு ஆசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன். என் போன்று முதல் தலைமுறையாகப் பயிலும் தோழர்களுக்கு மற்றொரு வேண்டுகோள். விடுமுறைக்கு வீடு செல்லும்போது அந்த டப்பாவின் பின்பக்கத்தை நம் தாயாருக்குப் படித்துக் காட்டுவோம். நம்மைப் படிக்க வைத்தவர்களுக்கு நம் படிப்பு முதலில் பயன்படட்டும்.