கோடை முகாம்களை யார் கண்காணிப்பது?



தேர்வு முடிந்ததும் தெருவெங்கும் கோடை முகாம் பதாகைகள். கட்டணம் பெரிய எழுத்தில் இருக்கிறது. சொல்லிக்கொடுப்பவர் யார், அவர் தகுதி என்ன என்பது இல்லை. 2025 ஏப்ரலில் மதுரையில் கோடை வகுப்புக்குப் போன நான்கு வயதுச் சிறுமி தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்தாள். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத் தனியார் பள்ளியில் என்.சி.சி. பெயரில் நடந்த போலி முகாமில் மாணவி பாலியல் வன்முறைக்கு ஆளானாள். நெஞ்சு பதறுகிறது.

என் மகளைச் சேர்க்கப் போன இடத்தில், நீச்சல் குளத்தருகே உயிர்காப்பாளர் உண்டா என்று கேட்டேன். “மாஸ்டரே பாத்துக்குவார் மேடம்” என்றார்கள். கற்றுக்கொடுத்துக்கொண்டே அத்தனை பிள்ளைகளையும் ஒருவரால் கவனிக்க முடியாது. மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். மகளை அங்கே சேர்க்கவில்லை.

முகாம்களை முன்கூட்டியே பதிவு செய்வதை மாவட்ட நிர்வாகம் கட்டாயமாக்க வேண்டும். குளம், தொட்டி மூடி, கழிப்பறை, வேன், பணியாளர்கள் பற்றிய காவல்துறைச் சரிபார்ப்பு அனைத்தையும் நேரில் பார்த்த பிறகே அனுமதி தரட்டும். குழந்தைகள் உதவி எண் 1098 வாசலிலேயே இருக்கட்டும். பெற்றோர்களே, உள்ளே வந்து பார்க்கக் கூடாது என்று சொல்லும் இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

– ஒரு தாய், திருச்சி