எண்ணிக்கை மட்டும் போதாது

சென்னை அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்துக்குத் தென்மாநில எச்.ஐ.வி. கண்காணிப்பில் முக்கியப் பங்குண்டு. 1986-இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் நாட்டின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்ததும் சென்னையில்தான். தாம்பரம் அரசு மருத்துவமனையில் 2004-இல் இலவசக் கூட்டுமருந்துச் சிகிச்சை தொடங்கியது.

இந்தியாவில் பரவியிருப்பது பெரும்பாலும் 'சி' வகை வைரஸ். பெருகும்போதெல்லாம் அது உருமாறுகிறது. மாத்திரை இடையில் நின்றுபோனால், மருந்துக்கு அடங்காத வைரஸ் தலைதூக்கக்கூடும். மரபணு வரிசைப் பரிசோதனை அதைக் காட்டிக்கொடுக்கும்.

எத்தனை பேருக்குத் தொற்று என்று எண்ணினால் மட்டும் போதாது. புதிய நோயாளிகளின் ரத்த மாதிரிகளிலும் இந்தப் பரிசோதனையை ஆண்டுதோறும் நடத்தி, அடையாளம் மறைத்து, மாவட்டவாரியாக முடிவுகளை அரசு வெளியிட வேண்டும். எச்.ஐ.வி.க்குத் தரப்படும் டோலுடெக்ராவிர் இன்று வலுவான மருந்து. நாளையும் அப்படியே இருக்க இந்த விழிப்பு தேவை.