வேகம் வந்தது, சங்கீதம் போனது!



போன வாரம் மதிய இடைவேளையில் எங்கள் வகுப்பில் ஒரே சண்டை. கிரிக்கெட் பற்றி இல்லை, சினிமா பற்றியும் இல்லை. ஒரு காரைப் பற்றி! ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் செய்த 'கேமன்' என்ற ஸ்போர்ட்ஸ் காரில் பழசு நல்லதா, டர்போ வைத்த புதுசு நல்லதா? மணி அடித்தும் சண்டை ஓயவில்லை. "வாய்ப்பேச்சு வேண்டாம், தைரியம் இருந்தா சுவர் இதழ்ல எழுதிக் காட்டுடா" என்றான் என் நண்பன். இதோ எழுதிவிட்டேன்.

முதலிலேயே ஓர் உண்மையைச் சொல்லிடறேன். இந்த இரண்டு காரையும் நான் ஓட்டியதில்லை. தொட்டுப் பார்த்ததும் இல்லை. படித்ததையும், மாமாவின் போனில் ஹெட்போன் மாட்டிக் கேட்டதையும் வைத்துத்தான் எழுதுகிறேன். கணக்குப் போட கார் சொந்தமாக இருக்க வேண்டும் என்று சட்டமா என்ன?

யார் இந்த இருவர்?

பழைய கார் 2012-இல் அறிமுகமானது. கம்பெனிக்குள் அதன் எண் 981. புதியது 2016-இல் வந்தது. பெயர் 718 கேமன். இரண்டிலும் எஞ்சின் சீட்டுக்குப் பின்னால், காரின் நடுப்பகுதியில் இருக்கும். இரண்டிலும் பிஸ்டன்கள் படுத்த நிலையில் எதிரெதிராக ஓடும். இரண்டின் 'எஸ்' மாடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்:

சிலிண்டர்: பழசு 6, புதுசு 4
எஞ்சின் அளவு: பழசு 3.4 லிட்டர், புதுசு 2.5 லிட்டர்
குதிரைத்திறன்: பழசு 325, புதுசு 350
டார்க் என்கிற முறுக்குவிசை: பழசு 370, புதுசு 420 நியூட்டன் மீட்டர்
0 முதல் 100 கி.மீ. வேகம் (கையால் கியர் மாற்றும் வண்டி): பழசு 5.0 நொடி, புதுசு 4.6 நொடி

பார்த்தீர்களா? எஞ்சின் சின்னதாச்சு, பலம் கூடிப்போச்சு! பழசில் ஒரு லிட்டருக்குச் சுமார் 95 குதிரைத்திறன். புதுசில் 140. இது எப்படி?

டர்போ செய்யும் வேலை

எஞ்சினிலிருந்து புகை வேகமாக வெளியே போகிறது. சாதாரண காரில் அந்தப் புகையின் சக்தி வீண்தான். டர்போ அந்தப் புகையை ஒரு சின்னச் சக்கரத்தின் மேல் பாய்ச்சிச் சுற்ற வைக்கிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம், வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூட எரியலாம், பலமும் கூடும். சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்பிரட் பியூஹி 1905-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். நம் தெருவில் போகும் லாரியிலும் பஸ்ஸிலும்கூட இன்று டர்போ உண்டு. ஆக, வீணாகப் போவதைப் பிடித்து வேலை வாங்கும் நல்ல புத்திசாலி அது. நான் அதற்கு எதிரி இல்லை.

போர்ஷே ஏன் மாற்றியது? ஐரோப்பாவில் சட்டம் கடுமையானது. ஒரு கம்பெனி விற்கும் கார்கள் வெளிவிடும் கரியமில வாயு, சராசரியாகக் கிலோமீட்டருக்கு 130 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று 2015-க்கு இலக்கு வைத்தார்கள். அடுத்த இலக்கு 95 கிராம். சின்ன எஞ்சினும் டர்போவும் அதற்கு ஒரு வழி. காற்று எல்லோருக்கும் பொது, அதனால் இந்தக் காரணத்தைக் கிண்டல் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

சரி, என்னதான் போச்சு?

சத்தம்! "சத்தம் ஒரு விஷயமாடா?" என்று என் நண்பன் சிரித்தான். சிரிக்க வேண்டாம், கணக்கைப் பாருங்கள்.

நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கும். நிமிடத்துக்கு 6000 சுற்று என்றால் நொடிக்கு 100 சுற்று. ஆறு சிலிண்டரில் நொடிக்கு 300 வெடிப்பு, நாலு சிலிண்டரில் 200 வெடிப்பு. விகிதம் 3:2. பாட்டுக் கற்கும் தோழிகளைக் கேளுங்கள், 'ச'வுக்கும் 'ப'வுக்கும் உள்ள விகிதம் அதுதான்! அதாவது, பழைய கார் 'ப' பாடும் இடத்தில் புதுசு 'ச'விலேயே நிற்கிறது. (கணக்கு தப்பென்றால் இயற்பியல் ஐயா மன்னிக்கவும்.) போதாததற்கு, புகைப் பாதையில் உட்கார்ந்திருக்கும் டர்போ சக்கரம் மிச்சச் சத்தத்தையும் அமுக்கிவிடுகிறது.

இன்னொன்று. பழசு தன் முழுப் பலத்தைக் காட்ட 7400 சுற்று வரை ஏற வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், சத்தமும் கூடவே ஏறும். ஓட்டுபவர் உழைத்தால்தான் பலன். புதுசில் 1900 சுற்றிலேயே முழு முறுக்குவிசையும் வந்துவிடும். கேட்பதற்கு முன்பே கிடைத்துவிட்டால் ருசி எங்கே?

எதிர்க்கட்சியின் வாதம்

நண்பன் சொன்னதையும் எழுதாவிட்டால் நியாயம் இல்லை. அவன் மூன்று விஷயம் சொன்னான்.

ஒன்று, தினசரி சாலையில் யார் 7400 சுற்றுக்குப் போகிறார்கள்? கீழேயே கிடைக்கும் பலம்தான் பயன்படும். இது சரிதான்.

இரண்டு, புதுசின் ஸ்டீயரிங் 10 சதவீதம் கூர்மை. வளைவில் நன்றாகத் திரும்பும். இதுவும் சரி.

மூன்று, நாலு சிலிண்டர் ஒன்றும் கேவலம் இல்லை. 718 என்ற பெயரே 1957-இல் வந்த பந்தயக் காரின் பெயர். அதுவும் நாலு சிலிண்டர்தான். இத்தாலியின் டார்கா புளோரியோ பந்தயத்தில் 1959-லும் 1960-லும் ஜெயித்த கார். நல்ல அடி! ஆனால் அந்தக் காருக்கு டர்போ கிடையாது என்பதை அவன் மறந்துவிட்டான்.

கடைசியில் நடந்தது என்ன?

இதுதான் என் துருப்புச் சீட்டு. அதே போர்ஷே 2015-இல் தன் 911 கரேராவுக்கும் டர்போ வைத்தது. ஆனால் அதில் ஆறு சிலிண்டரை விடவில்லை. கேமனில் விட்டார்கள். பத்திரிகைக்காரர்களும் வாங்குபவர்களும் சத்தம் பற்றிக் குறை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2019-இல் கேமன் ஜிடி4, டர்போ இல்லாத 4 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சினோடு வந்தது. 2020-இல் ஜிடிஎஸ் மாடலுக்கும் அதே எஞ்சின். முந்தின ஜிடிஎஸ் 2.5 லிட்டர் டர்போவாக இருந்தது, அதை எடுத்துவிட்டு இதை வைத்தார்கள்! மெதுவாகப் போகும்போது ஒரு பக்கத்து மூன்று சிலிண்டர்கள் தானாக ஓய்வெடுக்கும். புகையை வடிகட்டவும் ஏற்பாடு உண்டு. டர்போவை விடப் பெட்ரோல் கூடத்தான் குடிக்கும், விலையும் கூடத்தான். ஆனாலும் வழி இருந்தது என்பது தெரிந்துவிட்டது அல்லவா?

இப்போது அந்தச் சண்டைக்கே வயதாகிவிட்டது. 718 தயாரிப்பு 2025-இல் முடிந்தது. அடுத்தது மின்சாரக் கார் என்று 2022-லேயே போர்ஷே அறிவித்தது. மின்சாரக் காருக்குப் புகையும் இல்லை, சத்தமும் இல்லை. அப்போது இந்தக் கேள்வி இன்னும் பெரிதாகத்தான் வரும்.

என் தீர்ப்பு

புதுசு வேகமான கார். சந்தேகமே இல்லை. ஆனால் எனக்குப் பிடித்தது பழசுதான். மேலே நான் போட்ட பட்டியலை மறுபடி பாருங்கள். கடைசி மூன்று வரியிலும் புதுசுக்கே வெற்றி. சத்தத்துக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. பட்டியலில் இல்லாததால் அது தொலைந்ததும் முதலில் யாருக்கும் தெரியவில்லை. ரேங்க் கார்டிலும் இப்படித்தான், நன்றாகப் பாடுகிறவனுக்கு அதில் கட்டமே கிடையாது.

நம்மில் சிலர் நாளை இன்ஜினியர் ஆவோம். எதையாவது புதுசாகச் செய்யும்போது, எண்ணில் வராதது எது என்று ஒரு நிமிடம் யோசிப்போம். தப்பு என்று தெரிந்தால் போர்ஷே மாதிரி திரும்பி வரவும் வெட்கப்பட வேண்டாம்.

மறுப்பு எழுத என் நண்பன் பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டிருக்கிறான். அடுத்த இதழில் பார்ப்போம்!

இப்படிக்கு,
ஆறு சிலிண்டர் கட்சிக்காரன்,
11ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு