புறாக்களுக்கு யார் இரை போட்டது?

பிரான்சில் நார்மண்டி பக்கம் போகிறவர்கள் பார்த்துவிட்டு வருகிற ஒரு கிராமத்து மாளிகை உண்டு. டியப் துறைமுகத்துக்குப் பக்கத்தில், வாரான்ஜ்வில் என்ற கடலோர ஊரில் இருக்கும் ஆங்கோ மாளிகை. 1530-களில் எழும்பியது. நடுவே பெரிய முற்றம். ஒரு பக்கம் இத்தாலிய பாணியில் தூண் வைத்த தாழ்வாரம். முற்றத்தில் வட்டமாக ஒரு புறா மாடம். செங்கல், சிக்கிமுக்கிக் கல், மணற்கல் மூன்றையும் மாற்றி மாற்றி அடுக்கிப் பாய் பின்னிய மாதிரி இழைத்திருக்கிறார்கள். மேலே வெங்காயம் கவிழ்த்தது போலக் கூரை. அழகுதான். யார் இல்லையென்றது?

என் தகராறு, அதைப் பற்றி எழுதுகிறவர்களோடு. கட்டிய ழான் ஆங்கோவுக்கு 'டியப்பின் மெடிச்சி' என்று ஒரு பட்டம். தொழில், 'கப்பல் அதிபர்'. அதோடு சரி. கப்பல்கள் என்ன செய்தன என்று கேட்கக் கூடாதா? மன்னர் முதலாம் பிரான்சுவாவின் அனுமதிக் கடிதத்தோடு போர்ச்சுகீசியக் கப்பல்களைக் கொள்ளையடித்தன. 1520-களின் தொடக்கத்தில், மெக்சிகோவில் அஸ்டெக் மக்களிடம் கோர்த்தேஸ் சுருட்டி அனுப்பிய பொக்கிஷத்தை நடுக்கடலில் மடக்கினார் ஆங்கோவின் கப்பல் தலைவர் ழான் ஃப்ளூரி. திருடனிடமே திருட்டு! 1527-ல் ஸ்பானியர்கள் ஃப்ளூரியைப் பிடித்துத் தூக்கில் போட்டார்கள். முதலாளி மாளிகை கட்டினார்.

சரி, அது கடல் சமாச்சாரம். அந்தப் புறா மாடத்துக்கு வாருங்கள். உள்ளே சுமார் 1,600 பொந்துகள். பொந்துக்கு ஒரு ஜோடி என்றால் 3,200 பறவைகள். வளர்த்தது கறிக்கும் எருவுக்கும். இரை? அதுகளே பறந்துபோய் ஊரான் வயலில் பார்த்துக்கொள்ளும். இப்படி மாடம் கட்டுவது நிலப்பிரபுவின் தனி உரிமை. விதைத்தவன் புறா மேல் கை வைக்கக் கூடாது. வாசலில் நிற்கும் அந்த அழகான கோபுரம், 'இந்த ஊர் விளைச்சலில் எனக்கும் பங்கு' என்று அறிவிக்கிற போர்டு.

'அந்தக் காலம் அப்படி சார்' என்பார்கள். அந்தக் காலத்துச் சம்சாரி அப்படி நினைக்கவில்லையே! 1789-ல் ஊர் ஊராகக் குறைகளை எழுதி வாங்கியபோது, பல ஊர்க்காரர்கள் புறாவைப் பற்றி எழுதினார்கள். ஆகஸ்ட் 4 ராத்திரி பிரபுக்களின் சலுகைகளை ஒழிக்கக் கிளம்பிய தேசிய சபையின் தீர்மானத்தில் இரண்டாவது ஷரத்தே புறா மாடம்தான். வேட்டை உரிமை, பிரபுவின் நீதிமன்றம், சர்ச்சுக்குக் கட்டும் தசமபாகம் எல்லாம் அப்புறம்தான். ஊர் சொல்லும் நாட்களில் புறாவை அடைத்து வை. மீறி வந்தால் அவனவன் நிலத்தில் அவனவன் அடிக்கலாம் என்று சட்டம் வந்தது.

ஆங்கோ 1551-லேயே கடனும் வழக்குமாகச் செத்துப்போனார். மாளிகை பின்னாளில் வெறும் பண்ணை வீடானது. 1862-ல் பிரெஞ்சு அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று பட்டியலில் சேர்த்தது. 1927-ல் அங்கே தங்கி 'நாட்ஜா' எழுதிய ஆந்த்ரே ப்ரெத்தோன்கூட, புத்தகத்தில் புறா மாடத்தின் போட்டோவைத்தான் போட்டார்.

மாடத்தை இடிக்கச் சொல்லவில்லை. அதன் வாசலில் அந்த இரண்டாவது ஷரத்தை எழுதி மாட்டுங்கள் என்கிறேன். நாலே வரிதான்.